இனிமேல் கிளட்ச் கிடையாது

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். கோபத்தைச் சோற்றிடம் காட்டாதீர்கள்.

"என்னக் கேக்காம என் வண்டியில கை வெச்சிட்டியே"ன்னு மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். சொல்லாமல் பழைய கியர்பாக்ஸைக் கழற்றியது தப்புதான். ஆனால் உங்கள் இடது கால் பலம் குறைந்து கிளட்சை அடிக்கடி மிதிக்க முடியாமல் போனதிலிருந்து, தினமும் காரைப் பளபளவென்று துடைத்துவிட்டு ஓட்டாமலே உள்ளே வருகிறீர்களே, அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

எஞ்சின் உங்களுடைய அதே ஆறு சிலிண்டர்தான். அதற்குப் பின்னால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பூட்டியிருக்கிறேன். இரண்டும் சேர்வதற்கான தகட்டை நான் வேலை செய்யும் பட்டறையில் நானே லேத்தில் கடைந்தேன். வேகம் பிடித்ததும் ஓவர்டிரைவ் என்ற மேல் கியர் தானே விழும், எஞ்சின் இரைச்சல் அடங்கிவிடும். வலது கால் மட்டும் போதும்.

சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. நான் பஸ்ஸில் போகிறேன். ஆறு மணிக்குப் பட்டறை வாசலில் நிற்பேன், வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

பி.கு.: பழைய கியர்பாக்ஸ் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஓட்டிப் பார்த்தும் பிடிக்கவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை திருப்பி மாட்டித் தருகிறேன்.

இன்னொன்று: கிளட்ச் ஞாபகத்தில் இடது காலால் பிரேக்கை மிதித்துவிடாதீர்கள். நேற்று நான் அப்படி மிதித்துத்தான் ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டேன். நெற்றியில் என்ன வீக்கம் என்று நீங்கள் கேட்கவே இல்லை.