கேலரியில் காயும் மிளகு

தை, ஞாயிறு இரவு. வாழவந்தி நாடு.

சேலம் கேலரியில் என் படைப்பைக் காட்ட இன்று அம்மாவை அழைத்துப் போனேன். தரையில் வண்ணம் தீட்டிய சாக்கு விரிப்பு. அதன்மேல் எங்கள் தோட்டத்தில் பறித்த, இன்னும் காயாத மிளகை ஓடும் ஆறு மாதிரி வளைத்துப் பரப்பியிருந்தேன். நான் திரும்புவதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மிளகில் இறங்கி, காலாலேயே கிளறிவிட்டாள். ஆறு கலைந்து, எங்கள் களத்தில் காயும்போது இருப்பது போல வரிவரியாகிவிட்டது.

கேலரி நடத்தும் நிர்மலா ஓடிவந்தார். "ஐயோ, தொடக்கூடாதும்மா!"

"கெளறாம உட்டா அடியில பூசணம் பூத்துப்போயிருமுங்க," என்றாள் அம்மா.

நிர்மலா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நல்லாருக்கு, இப்படியே இருக்கட்டும்," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதுதான் உறுத்துகிறது. படைப்பின் பக்கத்தில் உள்ள பெயர்ப் பலகையில் என் பெயர் மட்டுமே இருக்கிறது.

படுக்கும்போது அம்மா கேட்டாள்: "நாளைக்கு அங்க ஆரு கண்ணு கெளறுவா?"