குழாயில் மீந்த ரத்தம்

மார்ச் 4, செவ்வாய்

தம்பி மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மூன்றாவது தடவை. வலி தொடங்கி ஆறு மணி நேரம் ஆகிறதாம். ரத்தத்தை நானே எடுத்தேன், லேபில் நானே ஓட்டினேன். கணையம் சுரக்கிற லைபேஸ் ரத்தத்தில் அறுபதைத் தாண்டக் கூடாது, இவனுக்கு ஆயிரத்து எண்ணூறு. கணையம் வெந்துபோயிருக்கிறது.

"எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுடா."

"குடிக்கலக்கா. சத்தியமா."

எல்லாக் குடிகாரனும் சொல்கிறதுதான். இந்த மாதிரிக் கணையத்தோடு வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் குடிகாரர்கள். பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கா காது குத்துகிறான்?

மார்ச் 5

குழாயில் கொஞ்சம் ரத்தம் மீந்திருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அதில் மது இருக்கிறதா என்று பார்த்தேன். துளிகூட இல்லை.

சரி, முந்தாநாள் குடித்திருப்பான். பதிவேட்டில் ஏற்றவில்லை.

மார்ச் 9

அவன் மனைவி கேண்டீன் வாசலில் என்னை நிறுத்தினாள். "அண்ணி, நீங்க லேப்ல இருக்கறவங்க. மறைக்காம சொல்லுங்க."

"குடிதான்மா. எனக்குத் தெரியாததா?"

சாயங்காலமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 21

சின்ன வயது, மூன்றாவது தடவை, மரபணுவைப் பார்த்துவிடலாம் என்கிறார் டாக்டர். சிரிப்பு வந்தது எனக்கு.

ஏப்ரல் 30

முடிவு வந்துவிட்டது. டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற டிரிப்சின், குடலுக்குப் போன பிறகுதான் விழிக்க வேண்டும். இவனுக்கு அது கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது. இருக்கிற இடத்தையே செரிக்கத் தொடங்கிவிடுகிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, பிறக்கும்போதே.

"குடிச்சுத்தான் வரணும்னு இல்லம்மா. இவருக்கு வந்தது இதாலதான்."

மே 1

மார்ச் 5-இல் எழுதியதைத் திருப்பிப் படித்தேன்.

மே 2

எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். மீந்த ரத்தத்தையும்.

"அதை எப்பப் பாத்த?"

"நீ அட்மிட் ஆன மறுநாள்."

விரல் விட்டு எண்ணினான். "அப்ப தெரிஞ்சுக்கிட்டுத்தான் அவகிட்ட அப்படிச் சொல்லியிருக்க."

ஆமாம்டா, ஆமாம். ஐயோ, என்ன மனுஷி நான்! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? நான் நினைத்தது தப்பாகிவிடக் கூடாது, அதுதானே எனக்குப் பெரிதாகப் போய்விட்டது?

மே 3

அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

"ராத்திரி ராத்திரி அவர் வாயை மோந்து பாத்திருக்கேன் அண்ணி. ஒரு வாடையும் இருந்ததில்ல. என் மூக்கை நம்பாம உங்களை நம்பினேன்."

அவள் திட்டியிருந்தாலாவது தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

மே 8

அவள் திரும்பி வந்துவிட்டாளாம். அவன் சொல்லவில்லை. டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

மே 19

குழந்தைக்கும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க மூன்று பேரும் வந்தார்கள். நான் ஊசியை எடுத்ததும், "வேற யாராவது எடுக்கட்டும்" என்றான் தம்பி. நர்ஸ் எடுத்தாள். வெளியூருக்கு அனுப்பக் குழாயைக் கட்டுவது மட்டும் என் வேலை. அவன் பக்கத்திலேயே நின்றான். பெயர் ஒட்டி, மூடி, பெட்டியில் வைக்கும் வரை நகரவில்லை.

"இதுல வேற எதையும் பாக்க மாட்டியே?"

"மாட்டேன்டா. சத்தியமா."

பெட்டி மூடியைத் தானே டேப் போட்டு ஒட்டினான்.