ஏழு நாற்பதுக்கு வரும் பச்சை

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, நான் யாரோடும் கோபித்துக்கொண்டு குடும்பக் குழுவிலிருந்து வெளியேறவில்லை. உன் பெரியப்பா அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. நீயும் அதையே கேட்டிருக்கிறாய், ஏம்மா போயிட்டீங்க, யாராவது ஏதாவது சொன்னாங்களா என்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் விஷயமே. கடிதம் என்றால் இங்கு அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்கவேண்டும். உனக்கு இதுவரை எழுதிய எல்லாக் கடிதத்தையும் நான் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை அந்த வரியை விட்டுவிடுகிறேன். படித்தால் காரணம் தெரியும். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், உன் அப்பா ஒரு நாளைக்கு இருபது முறை கை கழுவுகிறார், அடுக்களைக் குழாயின் வாஷர் தேய்ந்துபோய்ச் சொட்டுகிறது. இவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். உலகம் முழுக்க நோய் பரவி, விமானம் நின்று, பஸ் நின்று, கடைக்குப் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆன மூன்றாவது வாரத்தில் உன் பெரியப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து நிர்வாகம் செய்ய ஒன்றும் இல்லாமல் அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. உலக நெருக்கடியில் ஒரு குடும்பத்துக்கு வேண்டியவை இரண்டு, ஒன்று பொதுவான விழுமியங்கள், இன்னொன்று மனநலம், இரண்டையும் நானே ஏற்பாடு செய்கிறேன் என்றார். மறுநாளே ஏழு விழுமியங்கள் வந்து இறங்கின, சுற்றிலும் பூப்போட்ட கரையோடு. ஒற்றுமை, வெளிப்படைத்தன்மை, நேர்மறை எண்ணம் என்று போய் நான்காவதில் வாடிக்கையாளரின் திருப்தியே நமது முதல் கடமை என்று இருந்தது. பழைய கம்பெனியின் ஆண்டறிக்கையிலிருந்து எடுத்தவர் அதை மட்டும் மாற்ற மறந்துவிட்டார். பதினாறு பேர் கைகூப்பி வரவேற்றார்கள். நீயும் கைகூப்பியிருந்தாய், பார்த்தேன். முழுக்கப் படித்தது உன் அப்பா ஒருவர்தான். நம்ம வீட்ல வாடிக்கையாளர் யாருன்னு அண்ணன்கிட்ட கேட்டுப் பாக்கட்டுமா என்றார். கேளுங்களேன் என்றேன். கேட்கவில்லை. அறுபத்தோரு வயதிலும் தம்பி தம்பிதான்.

அப்புறம் அந்த வட்டம். தினமும் காலை எட்டு மணிக்குள் ஒவ்வொருவரும் நலம் என்று எழுதி ஒரு வட்டம் போடவேண்டும். நன்றாக இருந்தால் பச்சை, கொஞ்சம் சரியில்லை என்றால் மஞ்சள், உதவி வேண்டும் என்றால் சிவப்பு. போடாதவர் பெயரை எட்டேகாலுக்கு உன் பெரியப்பா வெளியிடுவார். முதல் வாரத்திலேயே உன் சித்தி வெகுளியாக ஒரு மஞ்சள் போட்டாள். ரெண்டு நாளா யாரோடயும் பேசாம இருக்கிறது என்னமோ மாதிரி இருக்கு என்று ஒரு வரியும் எழுதினாள். தனியாக இருக்கிறவள், பேச ஆளில்லை, அவ்வளவுதான். மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று நான்கு பேர் வீடியோ அனுப்பினார்கள். அத்தை முறைக்காரி ஒருத்தி, இதுக்குத்தான் அப்பவே ஒரு கல்யாணம் பண்ணிக்கோன்னு சொன்னோம் என்று ஆரம்பித்தாள். உன் பெரியப்பா நாற்பது நிமிடம் போனில் பேசினார், முப்பத்தெட்டு நிமிடம் அவர் தனியாளாக ஒரு தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்திய கதை. சாயங்காலம் அவள் மஞ்சளை அழித்துவிட்டுப் பச்சை போட்டாள். பதினாறு பேரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் மஞ்சளே கிடையாது. உலகத்தில் ஊர் ஊராக ஆள் விழுந்துகொண்டிருக்கிறது, நம் வீட்டில் மட்டும் பதினேழு பச்சை. உன் பெரியப்பா அதைப் படம் எடுத்துத் தன் பழைய சகாக்களுக்கு அனுப்பிவைத்தார், இதுதான் எங்கள் குடும்பம் என்று.

இதைப் பணிமனையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பஸ் ஓடாவிட்டாலும் டைம் கீப்பர் வரவேண்டும் என்பது உத்தரவு. நாற்பத்திரண்டு வண்டியும் வரிசையாக நிற்கின்றன, கண்ணாடியில் தூசி, யாரோ விரலால் என்னைக் கழுவு என்று எழுதியிருக்கிறார்கள். நிற்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கிவிடும், ஆகையால் தினமும் ஒவ்வொன்றையும் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கவேண்டும். முறை வைத்து ஓட்டுநர்கள் வருகிறார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனைக்கு நின்றது என்று நான் பதிவேட்டில் ஏற்றுகிறேன். பதினைந்துக்கு மேல் போனால் டீசலுக்கு விளக்கம் எழுதவேண்டும். போன மாதம் பின்வரிசைக்கு மட்டும் ஓட்டுநர்களே சீட்டில் குறித்துத் தருவதாக ஏற்பாடு. அங்கே சைலன்சர் என்று ஒருவர், மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவதால் அந்தப் பெயர். அவர் கொடுத்த சீட்டில் ஒன்பதாம் எண் வண்டி பன்னிரண்டு நாளும் பத்து மணிக்குத் தொடங்கிப் பத்தேகாலுக்கு நின்றது. பார்த்ததுமே சொன்னேன், இந்த வண்டி ஒரு நாள்கூட ஓடலை என்று. எப்படிக்கா சொல்றீங்க, நீங்க வந்து பாத்தீங்களா என்று சண்டைக்கு வந்தார். மெக்கானிக் போய்ச் சாவியைத் திருப்பினார். இருமக்கூட இல்லை, புது பேட்டரி போட்ட பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. மனுஷன் நிஜமாகச் செய்கிற காரியம் ஒரு நாள் ஒன்பது ஐம்பத்தெட்டு, ஒரு நாள் பத்து ஆறு, ஒரு நாள் வயிற்றுவலி, பதினொன்று இருபது என்றுதான் இருக்கும். தினமும் டாண் என்று பத்து மணி என்றால் அங்கே ஆள் இல்லை. இருபத்தாறு வருடத்தில் இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் முத்திரை குத்துவது.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன், உன்னிடம் யாரும் முழுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். போன வாரம் அவள் போனை எடுக்கவில்லை. காலையில் பச்சை போட்டிருந்தாள், சரி, குளிக்கிறாள் என்று நினைத்தேன். மத்தியானமும் எடுக்கவில்லை. என்னிடம் இருந்த மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருந்தாள், தரை குளிர்ச்சியாக இருக்கிறதாம். நான்கு நாளாகக் காய்ச்சல். தண்ணீர்ப் பாத்திரம் எட்டாத தூரத்தில். போன் மட்டும் கைக்குள். நாலு நாளும் பச்சை போட்டிருக்கியே, உனக்கு அறிவிருக்கா என்று கேட்டேன். மஞ்சள் போட்டா நீங்க எல்லாரும் வந்துடுவீங்களேக்கா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள், பிறகு இருமினாள். சோதித்துப் பார்த்ததில் அந்த நோய் இல்லை, வேறு ஏதோ காய்ச்சல். இப்போது நம் வீட்டில், உன் அறையில் இருக்கிறாள், உன் தலையணை ரொம்ப உயரம் என்று குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். உன் பெரியப்பாவிடம் சொன்னேன். அவ பச்சைதானேம்மா போட்டிருந்தா என்றார், உடம்புதான் விதியை மீறிவிட்ட மாதிரி.

அன்று சாயங்காலம் குழுவைத் திறந்து முதல் நாளிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வட்டங்களை விட்டுவிட்டேன், பக்கத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் பார்த்தேன். உன் அப்பாவுக்குத் தினம் ஒரு நேரம், ஒரு நாள் பச்சைக்குப் பதில் தர்பூசணிப் படம். பெரியப்பா ஐந்து மணிக்கே, ஆனால் ஐந்து மூன்று, ஐந்து பதினொன்று என்று முன்னே பின்னே. நீ ஏழு நாற்பது. மறுநாளும் ஏழு நாற்பது. இருபத்து மூன்று நாளும் ஏழு நாற்பது. உன்னுடையது ஷிஃப்ட் வேலை, ஒரு நாள் விடிகாலையில் போகிறாய், ஒரு நாள் மத்தியானம்தான் எழுகிறாய். பதினான்காம் தேதி உன் ஊரில் கேபிள் அறுந்து போனும் இல்லை, நெட்டும் இல்லை, நாள் முழுக்க உங்கள் மனநல உதவி எண்ணே மூடிக்கிடந்தது. நீயே மறுநாள் சொன்னாய், ஒரு மாசத்துல முதல் தடவையா தூங்கினேம்மா என்று. அன்றைக்கும் ஏழு நாற்பதுக்கு நலம், பச்சை. உன் பெரியப்பா தேர்ந்தெடுத்த அந்தச் செயலியில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். என் மகள் கெட்டிக்காரி என்றுதான் முதலில் நினைத்தேன். உன் பெரியப்பாவின் ஆட்சியில் அதுதான் புத்திசாலித்தனம். மாடிப்படி ஏறும்போது நின்றுவிட்டேன். ஒன்பதாம் எண் வண்டி ஞாபகம் வந்தது.

திட்டுவதற்காக எழுதவில்லை. நீ தினமும் ஒன்பது மணி நேரம் காதில் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் இப்ப எப்படி இருக்கீங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், மெதுவா சொல்லுங்க என்று சொல்கிறவள். குழுவில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், அவளுக்கென்ன, அவளே ஊருக்குத் தைரியம் சொல்றவ. பல் டாக்டருக்குப் பல் வலிக்காது என்று நம்புகிற குடும்பம். நானும் அப்படித்தான் இருந்தேன், பெருமையாகக்கூட இருந்தேன், பணிமனையில் ஓட்டுநர்களிடம் உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன், மனசு சரியில்லைன்னா கூப்பிடுங்க, என் பொண்ணு எடுப்பா என்று. நீ கூப்பிட்டால் யார் எடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீடியோவில் வரச் சொன்னால் மூன்று வாரமாக நெட் சரியில்லை என்கிறாய். குரல் மட்டும் வருகிறது. அதுவும் வேலைக்குரல், ரொம்பப் பொறுமையான குரல். நீ என்னோடு பொறுமையாகப் பேசுகிற பெண்ணே இல்லையே. போன வருடம் வரை ஃபோனை வைம்மா, சும்மா நொய்நொய்னு என்பாய். அது நன்றாக இருந்தது.

நானும் யோக்கியம் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதுவும் பெரியப்பா கடிதம் ஆகிவிடும். பணிமனையில் என் கூட உட்கார்ந்திருந்த டிக்கெட் பரிசோதகர் இறந்துபோனார். இந்த நோய்தான். பத்தொன்பது வருடம் எதிர் மேசை. அடக்கத்துக்கு நான்கு பேருக்கு மேல் விடவில்லை, நான் ஐந்தாவது ஆள்கூட இல்லை. அவருடைய சாப்பாட்டு டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தினமும் திறந்து பார்த்து மூடுகிறேன். அவர் போன மறுநாள் காலை நான் பச்சை போட்டேன். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை, பயந்துவிடுவார் என்று. மத்தியானம் ஒன்பதாம் எண் வண்டியை ஓடவிடும்போது ஏறி, கண்டக்டர் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறேன். பதினைந்து நிமிடம். அந்தச் சத்தத்தில் என்ன செய்தாலும் வெளியே கேட்காது. மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள்.

ஆகையால்தான் போன திங்கட்கிழமை சிவப்பு போட்டேன்.  உடனே உன் பெரியப்பா, கை தவறி அழுத்திட்டியாம்மா என்று கேட்டார். இல்லை என்று எழுதினேன். பக்கத்து அறையிலிருந்து உன் அப்பா, ஆமாண்ணே, கை தவறிடுச்சு என்று எழுதினார். வெளியே வந்துவிட்டேன். உன் அப்பாவை இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் அன்று ராத்திரி அவராகவே என்னாச்சு உனக்கு என்று கேட்டார், டப்பா விஷயத்தைச் சொன்னேன், வெகுநேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஏழு விழுமியத்திலும் அது இல்லை.

உனக்கு அறிவுரை ஒன்றும் இல்லை, மூச்சை இழுத்து விடு என்று சொல்லப் போவதில்லை, அது தானாகவே நடக்கும். அந்த ஏழு நாற்பதை மட்டும் நிறுத்திவிடு. பெரியப்பா எட்டேகாலுக்கு உன் பெயரைப் போடட்டும், போட்டால் என்ன, உலகம் ஏற்கெனவே நின்றுதானே கிடக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்கு எழுது, நலம் என்ற சொல் இல்லாமல் எழுது. நான்கு வரி போதும். கோபமாக இருந்தாலும் சரி, எழுத்துப்பிழையோடு இருந்தாலும் சரி. ஊருக்கு வர வழியில்லை என்று எனக்கும் தெரியும், வழி திறந்ததும் டிக்கெட் எடு, உன் அறையிலிருந்து சித்தியைக் கிளப்புவது என் பொறுப்பு. வேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே. நீ இருக்கும் இடத்தில் உன்னைக் கேட்க ஒரு காது கிடைக்கட்டும், நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், என்னோடு சண்டை போடுகிற பழைய தெம்பு உனக்குத் திரும்ப வரவேண்டும். மறக்காமல் பதில் போடு.

உன் மேல் ஒரு கண் வைத்திருக்கும்,
அம்மா

பி.கு. இது வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்று தபால் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு நாள் எனக்குப் பொறுக்காது. கவரை ஒட்டாமல் வைத்துவிட்டு ஒன்பதாம் எண் வண்டியில் ஏறி உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை எடுத்தாய். என்னம்மா பின்னாடி ஒரே சத்தம் என்றாய். பஸ் என்றேன். எங்க போறீங்க என்றாய். எங்கயும் இல்ல, நிக்கிது என்றேன். அதற்குப் பிறகு நீ பேசியது உன்னுடையது, இங்கே எழுத மாட்டேன். பதினைந்து நிமிடம் ஆனதும் சைலன்சர் அணைக்க வந்தார், கையைக் காட்டினேன், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்க் கதவருகே நின்றுகொண்டார். நீ வைத்த பிறகு இறங்கி வந்து பதிவேட்டைத் திறந்து, ஒன்பதாம் எண் வண்டி, மூன்று பதினேழு முதல் நான்கு ஐம்பத்திரண்டு வரை ஓடியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.