கழுத்தில் தொங்கும் காந்தம்

பெரியவளின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன். நேற்றுதான் கொஞ்ச நேரம் திருடனாகிவிட்டேன். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த காந்தத்தில் மேஸ்திரியின் சாவிக்கொத்து ஒட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது.

“என்னண்ணே, இந்தத் தொழில்லயும் எறங்கிட்டீங்களா?” என்றார் மேஸ்திரி. மரப் பட்டறையே சிரித்தது.

காந்தம் எதற்கென்று கேட்பாய். இடித்த வீடுகளின் உத்தரமும் கதவும்தான் இங்கே வரும். ஆணியைப் பிடுங்கிவிட்டு அறுக்க வேண்டும். போன மாதம் பிடுங்காமல் விட்டுப்போன ஓர் ஆணியில் பட்டு ரம்பத்தின் பல் தெறித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பயத்தில், ஆணி இருக்குமோ என்று தோன்றிய பக்கத்தையெல்லாம் ஒரு சாண் சேர்த்தே வெட்டித் தள்ளினேன். என் கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது.

“அண்ணே, நாம மரம் விக்கிறோமா, விறகு விக்கிறோமா? இப்படியே போனா ரம்பத்துக்கு வேற ஆளப் போடச் சொல்லிடுவாரு மொதலாளி” என்றார் மேஸ்திரி.

அப்புறம்தான் காந்தத்தைக் கட்டினேன். மரத்தின் மேல் ஓட்டினால் ஆணி உள்ள இடத்தில் இழுக்கும். அதை மட்டும் பிடுங்கினால் போதும். இப்போது என் தொட்டியில் தூள்தான் கிடக்கிறது. எல்லார் கழுத்திலும் காந்தம் தொங்குகிறது. எனக்கு மூளை இருப்பதாக மேஸ்திரி சொல்கிறார். நீ நம்ப மாட்டாய்.

அலமாரியின் மேல்தட்டில் என் பழைய கண்ணாடி இருக்கும். இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. உன் பழைய புடவைத் துணியில் சுற்றிக் கொடு, துடைக்கவும் ஆகும். மணி அடித்துவிட்டது, வேலைக்குப் போக வேண்டும்.

இந்த யோசனை எப்படி வந்தது என்று மேஸ்திரி கேட்டார். சிரித்து வைத்தேன். ஆணி என் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று சொல்லவில்லை.