கட்டுப்பாடுகளுக்குச் சம்மதம்

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் தொடங்கினேன். கை வரவில்லை.

முரசுமோட்டை வீட்டு வளவில் கறுத்தக்கொழும்பான் மாமரம் பழுத்தது. நான் வழக்கமாகப் போகும் ஞாயிறுவரை பழம் தாங்காது என்று புதன்கிழமையே அம்மாவின் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனேன். அம்மா கதிரையில் இருந்தார். அவருடைய பழைய சேலையைக் கிழித்து, இரண்டு கைகளையும் கதிரையோடு கட்டியிருந்தார்கள்.

பொறுப்பாளர் பதறவேயில்லை. "எழும்பி நடந்தா விழுந்திடுவா," என்றார்.

"கட்டச் சொல்லி டொக்டர் எழுதித் தந்தவரோ?"

"என்னத்துக்கு? நீங்கள்தானே சம்மதம் தந்தனீங்கள்."

படிவத்தை எடுத்துக் காட்டினார். 'இல்லத்தின் கட்டுப்பாடுகளுக்கு உடன்படுகிறேன்.' கீழே என் கையொப்பம். பார்க்க வரும் நேரம், சாப்பாட்டு நேரம், அப்படி ஏதோ என்றுதான் அந்தச் சொல்லை நான் விளங்கியிருந்தேன்.

"அம்மாவிட்ட ஆரும் கேட்டனீங்களோ?" என்றேன்.

"அவாவிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

நானும் கேட்கவில்லை, தங்கச்சி. ஒப்பமிட்ட அன்று அம்மா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

முடிச்சுகளை அவிழ்த்துப் பழத்தை வெட்டிக் கொடுத்தேன். கொட்டைவரை சூப்பினார். கையைக் கழுவிவிட்டேன். நான் புறப்பட எழுந்ததும், இரண்டு கைகளையும் தானாகவே கதிரையின் கைப்பிடிகளில் வைத்தார்.

"கட்டிப்போட்டுப் போ, பிள்ளை. இல்லாட்டி அவை என்னை ஏசுவினம்."

நாளைக்குக் கிளிநொச்சிக்குப் போய் மாவட்டச் செயலகத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். அம்மாவைக் கடைசியாகக் கட்டியது யார் என்று அங்கே கேட்டால், நான் என்ன எழுத?

உன் அக்கா