ஷிப்ட் நேரத்தில் எரியாத சிகரெட்

மார்கழி, செவ்வாய் இரவு

தூக்கம் வரவில்லை. இன்று என் வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "நல்ல கொழுப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. கெட்டது ரத்தக்குழாய்ல படிய ஆரம்பிச்சா இதயத்துக்குத்தான் ஆபத்து" என்றார்.

"முட்டை, கறி எல்லாத்தையும் நிறுத்திட்டேங்களே" என்றேன்.

"இத்தனை வருஷ சிகரெட்டை நிறுத்தலையேம்மா."

இவர் தலையைச் சொறிந்தார். "விட முடியலங்க."

"நிலக்கரி மைன்ஸ்ல ஷிப்ட் முழுக்க என்ன பண்ணுவீங்க?"

"அங்க தொடவே மாட்டேங்க. கையக் கட்டிக்கினு இருப்பேன். கரி பத்திக்கும்ல?"

டாக்டரம்மா இவரையே பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார்.

இப்போது நன்றாகத் தூங்குகிறார். மார்பில் காதை வைத்துக் கேட்டேன். தூரத்தில் மைன்ஸின் கரி ஏற்றும் கன்வேயர் பெல்ட் ஓடுவது போல ஒரு சத்தம். கேட்டபடியே கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. கனவில் மைன்ஸ் கேட்டில் நான் நிற்கிறேன். ஒரே பனி. வருகிறவர்கள் எல்லாரும் தீப்பெட்டியை என் முந்தானையில் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். கடைசியாக இவர் வந்தார். நான் கையை நீட்டினேன்.

"இது நம்ம வூடு. இங்க ஏது கரி?" என்று தீப்பெட்டியைத் தராமல் சிரித்தார்.

விழித்தபோது என் கை இவர் மார்பின் மேல் இருந்தது. உள்ளே கரி கனல்வது போல மார்பு சூடாக இருந்தது.