காலியாக விட்ட பெயர்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். ஆபீஸ் ஏசி ரிப்பேர். கல்லூரியிலிருந்து போன்: ஒரு பிள்ளைக்கு மார்க் சைபர்னு வருதாம். சேர்க்கை சாப்ட்வேர் எங்க ஆபீஸ் எழுதினது. போனது நான்.

பிள்ளை பேர் பேச்சியம்மாள், நாங்குநேரி. கூட அம்மா. "இவ சைபர் வாங்குத பிள்ளையா? மார்க் ஷீட்டப் பாருங்க." பார்த்தேன். நல்ல மார்க். விண்ணப்பத்தில் அப்பா பெயர் மட்டும் காலி. "விட்டுட்டுப் போனவன் பேர எதுக்கு எழுதணும்?"

பார்த்ததுமே புரிஞ்சுது. ஃபைல்ல ஆளுக்கு ஒரு வரி: பெயர், அப்பா பெயர், மார்க், ஊர். கமா வர்ற இடத்தில் வெட்டித் தனித்தனிக் கட்டத்தில் போடணும். அப்பா பெயர் இல்லேன்னா ரெண்டு கமா ஒட்டி நிற்கும். எங்க கோட் அதை ஒரே கமான்னு எடுத்துக்கிட்டது. மார்க் அப்பா பெயர் கட்டத்துக்கு நகர்ந்துட்டு. மார்க் கட்டத்தில் 'நாங்குநேரி'. எண் இல்ல, அதனால் சைபர்.

கோட் எழுதினது முதலாளி செல்வின் அண்ணன். ஏப்ரலிலேயே அவர்ட்ட சொன்னேன். "அப்பன் பேர விடுத பிள்ள எத்தன இருக்கப் போவுது? பைய பாத்துக்கிடலாம், ஜெபா."

ஜூன் 10, செவ்வாய்
திருத்தி ஓட்டினேன். தரவரிசையில் பேச்சியம்மாள் ரெண்டாவது இடம். ஆனா அவ கேட்ட கணிதத்தில் சீட் எல்லாம் நிரம்பியாச்சு. இன்னும் சில பிள்ளைகளும் இப்படியே கீழ போயிருக்கு. அவங்க யாரும் சண்டை போட வரல. சைபர்னதும் நம்பிட்டாங்க போல.

செல்வின் அண்ணன் கல்லூரிக்குப் போனில்: "எங்க பக்கம் தப்பில்ல சார். பிள்ள சரியா நிரப்பல." என் முன்னாலயே.

பால் வாங்க மறந்துட்டேன்.

ஜூன் 11, புதன்
லீவு போட்டு முதல்வரைப் பார்த்தேன். தப்பு எங்களதுன்னு சொன்னேன். மத்த பிள்ளைகளையும் கூப்பிடச் சொல்றேன்னார். கணிதத்தில் மட்டும் வழியில்லையாம். பேச்சியம்மாளுக்குப் பொருளாதாரம். "சரி சார்"னா.

"நீங்க சொல்லப்போய் இதாவது கிடைச்சுது"ன்னு அவ அம்மா கையப் பிடிச்சாங்க. கையை விடுவிச்சுக்கிட்டு வெளியே வந்துட்டேன்.

ஜூன் 12, வியாழன்
தூறல். செல்வின் அண்ணன் புது உத்தரவு: அப்பா பெயர் கட்டாயம். நிரப்பாம அடுத்த பக்கம் திறக்கக் கூடாது. "இனிமே பிரச்சினையே வராதுல்லா?"

செய்ய மாட்டேன்னேன்.

"அப்ப வீட்ல இரு."

பையை எடுத்தேன். அந்த வேலை பக்கத்து சீட் ராஜாவுக்குப் போச்சு. கோட்ல ஒரு வரிதான். நான் செருப்பு மாட்டுறதுக்குள்ள முடிச்சிட்டான்.